டெக்சஸில் கைத்துப்பாக்கியோடு வெளியே போவது: லைசென்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா?

கொங்கு_டாலஸ்:
வணக்கம் நண்பர்களே. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத எவரும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். 2024-க்குள் இப்படி 29 மாநிலங்கள் ஆகிவிட்டன. இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கல்லாப் பணத்தோடு காருக்கு நடப்பவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள், "நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்கிறார்கள். வாங்குவதும் வேண்டாம் என்பதும் அவரவர் முடிவு. ஆனால் சட்டம், பயிற்சி, புள்ளிவிவரம் மூன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும் என்றுதான் இந்த இழை. கட்சி அரசியலை வெளியே வைத்துவிட்டுப் பேசுவோம்.

வழக்கறிவோன்:
துப்பாக்கி, தோட்டா பற்றிய பேச்சுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். டெக்சஸ் என்ன சொன்னாலும் இது மாறாது. 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு உச்சபட்ச தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாலும் கார்டு கைக்கு வரும்வரை எச்-1பிக்காரர் எச்-1பிக்காரர்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. "வைத்திருத்தல்" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ஷூட்டிங் ரேஞ்சுக்கு நண்பர்களோடு போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அதுதான். அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது தானாக எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. "ஆன்லைனில் ஒரு வேட்டை லைசென்ஸ் எடுத்தால் முடிந்தது" என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த லைசென்ஸ் காலாவதியாகும் நாளிலேயே வீட்டிலிருக்கும் துப்பாக்கி குற்றப்பொருளாகிவிடும்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், லைசென்ஸும் எடுக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படக் குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற பிழை, கிரீன் கார்டுக்காரரை ஊருக்கே திருப்பி அனுப்பலாம். குடியுரிமை வாங்கிய நண்பர் சொல்லும் அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

குறி_தவறேல்:
வழக்கறிவோன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தடை இல்லாதவர்களுக்கு என் பதில்: எடுத்துச்செல்லலாம், ஆனால் லைசென்ஸ் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். "சட்டமே வேண்டாம் என்கிறதே, எதற்கு 40 டாலர்" என்று கேட்பார்கள். காரணம் பள்ளிக்கூடம். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு, லைசென்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்திருப்பவருக்கு இல்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒரு பள்ளியின் 1,000 அடி வளையத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

டெக்சஸ் லைசென்ஸுக்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பு. பிறகு 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. வெளிப்படையாகச் சொல்கிறேன், இது மிகச் சுலபமான தேர்வு. அசையாத காகிதம், நல்ல வெளிச்சம், துப்பாக்கி ஏற்கெனவே கையில். சட்டைக்கு அடியிலிருந்து உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது, சுடாமல் இருக்க முடிவெடுப்பது, எதுவும் அதில் வராது. தேர்ச்சி பெற்றதைப் பயிற்சி பெற்றதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மருதம்:
எனக்கு வேறு கருத்து. துப்பாக்கியால் ஆபத்து என்றதும் நாம் தெருவில் வரும் திருடனை நினைக்கிறோம். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை, 17,900 பேர் கொலை. பெரும்பாதி இறப்புகளில் துப்பாக்கியைப் பிடித்தது அவர்களின் கையேதான்.

கலிஃபோர்னியாவில் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத ஆண்களைப்போல் 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. அதே குழுவின் 2022 ஆய்வு, தான் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்த்தது. அவர்கள் வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் 7 மடங்கு அதிகம். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டைக் காக்க என்று சொல்லி வாங்குகிற பொருளைப் பற்றித்தான் இந்தக் கணக்கு.

குறி_தவறேல்:
மருதம் மேடம், அந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் தற்காப்பில் துப்பாக்கி உதவிய தடவைகள் இறப்புக் கணக்கில் வராது. பெரும்பாலும் சுடாமலே, காட்டியதும் எதிராளி ஓடிவிடுகிறார். கிளெக், கெர்ட்ஸ் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்பு என்றது. அது ரொம்ப அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், 2021-ல் வந்த இன்னொரு பெரிய சர்வே சுமார் 16 லட்சத்து 70 ஆயிரம் என்றது.

2022 ஜூலை 17, இண்டியானாவில் கிரீன்வுட் மால். மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவனை 22 வயது இளைஞர் ஒருவர் 15 விநாடிக்குள் வீழ்த்தினார். முதல் குண்டு சுமார் 40 கஜ தூரத்திலிருந்து. பத்து சுட்டதில் எட்டு பட்டது. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச்செல்லலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அமலுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

மருதம்:
25 லட்சம் எப்படி வந்தது என்று பாருங்கள். சுமார் 5,000 பேரிடம் ஃபோனில் கேட்டார்கள். 1 சதவீதத்துக்குச் சற்று மேல் "ஆம்" என்றார்கள். அதை நாட்டின் வயதுவந்தோர் எண்ணிக்கையோடு பெருக்கினார்கள். நூறு பேரில் ஒருவர் மிகைப்படுத்தினாலோ, பத்தாண்டுக்கு முன் நடந்ததைப் போன வருஷம் என்று நினைவில் வைத்திருந்தாலோ, 20 லட்சம் தற்காப்புகள் தாமாகவே முளைத்துவிடும். அரிதான ஒன்றை சர்வேயில் அளக்கும்போது எப்போதும் வரும் கோளாறு இது. குற்றத்துக்கு ஆளானவர்களிடம் மட்டும் கேட்கும் அரசின் சர்வே, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவு என்கிறது. உண்மை நடுவில் எங்கோ இருக்கலாம். அதை வைத்து ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியாது.

கிரீன்வுட் இளைஞர் செய்தது அபாரமான காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் 2021 ஜூன் 21, கொலராடோவில் ஆர்வாடா ஊரில் நடந்ததையும் பக்கத்தில் வையுங்கள். போலீஸ்காரரைக் கொன்றவனை ஜானி ஹர்லி என்பவர் சுட்டு வீழ்த்தினார். அவனுடைய ரைஃபிளை அப்புறப்படுத்தக் கையில் எடுத்தார். அடுத்து வந்த போலீஸ்காரர் ரைஃபிளோடு நிற்பவரைக் கண்டு அவரைச் சுட்டார். ஹர்லி இறந்துவிட்டார்.

கொங்கு_டாலஸ்:
இதில் நம் தோற்றமும் ஒரு காரணம், அதை மறைப்பதில் பயனில்லை. 2016-ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் லைசென்ஸ் வைத்திருந்தார். காரை நிறுத்திய அதிகாரியிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டார். அதிகாரி விடுதலையானார். இருட்டில் ஒரு பழுப்புநிற மனிதர் கையில் துப்பாக்கி என்றால், வருகிற போலீஸ்காரருக்கு யார் நல்லவர் என்று எப்படித் தெரியும்?

குறி_தவறேல்:
அதற்குப் பயிற்சியில் தனிப் பாடமே இருக்கிறது, சொல்கிறேன்.

போலீஸ் காரை நிறுத்தினால்: உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். டெக்சஸில் லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியோடு இருந்தால், அதிகாரி அடையாள அட்டை கேட்கும்போது லைசென்ஸையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது "துப்பாக்கி" என்ற வார்த்தையால் தொடங்காதீர்கள். "எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, இப்போது என்னிடம் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள். பர்ஸும் துப்பாக்கியும் இடுப்பின் ஒரே பக்கம் இருக்கக் கூடாது.

சுட நேர்ந்தால்: ஆபத்து நின்றதும் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) வைத்துவிடுங்கள். எதிராளியின் ஆயுதத்தைக் கையில் எடுக்கவே வேண்டாம். 911-ல் முதலில் இடம், பிறகு உங்கள் தோற்றம், உடை நிறம். "நீலச் சட்டை போட்டவன் நான், தாக்கப்பட்டது நான்" என்று சொல்லுங்கள். போலீஸ் வரும்போது இரண்டு கையும் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

இப்போது பொருளுக்கு வருவோம். எதை வாங்குவது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் ஹோல்ஸ்டர்தான் முதல் கேள்வி. ட்ரிகரையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுதாக மூடுகிற, உருவியபின் வாய் சுருங்காத, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஹோல்ஸ்டர் வேண்டும். நைந்துபோன தோல் உறை உள்நோக்கி மடிந்து ட்ரிகருக்குள் நுழையும். சட்டையின் நுனியோ ஜாக்கெட்டின் இழுகயிறோ மாட்டினாலும் அதேதான். க்ளாக் போன்ற துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்த சுமார் 5.5 பவுண்டு விசை போதும், தனியாகப் பூட்டும் லீவர் கிடையாது. தன் தொடையையே சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் உருவும்போது சுட்டுக்கொள்வதில்லை, திரும்ப வைக்கும்போதுதான். ஆகவே திரும்ப வைப்பதற்கு அவசரமே வேண்டாம். சட்டையை மார்புவரை தூக்கிப் பிடியுங்கள், கண்ணால் பாருங்கள், மெதுவாக இறக்குங்கள். எதுவோ தட்டினால் நிறுத்துங்கள், தள்ளாதீர்கள்.

ஆடை பெல்ட் தாங்காது. துப்பாக்கிக்கென்று செய்த விறைப்பான பெல்ட் இல்லாவிட்டால் பாரம் தொங்கும், நீங்கள் நொடிக்கொருதரம் இடுப்பைத் தொட்டுத் தூக்குவீர்கள். பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

க்ளாக் 19-ல் 15 தோட்டா. சிக் பி365 அளவில் சிறியது, 10 தோட்டா. ஐந்து தோட்டா ரிவால்வர் சட்டைப் பைக்கே போகும், ஆனால் அதன் ட்ரிகர் கனம், குழல் குட்டை, புதியவர் 7 கஜத்தில் காகிதத்தையே தவறவிடுவார். சின்னது சுலபம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சின்னது எடுத்துச்செல்லச் சுலபம், சுடக் கடினம். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சிறிய பிஸ்டலின் மேல்தகடு முழுதாகப் பின்னுக்குப் போகாது, காலிக் கூடு மாட்டிக்கொள்ளும். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) அடியில் தட்டி, தகட்டைப் பலமாக இழுத்து விடுவதுதான் தீர்வு, அதுவும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

தோட்டா: வெளியே எடுத்துச்செல்ல ஹாலோ பாயின்ட், அதாவது குண்டின் முனையில் குழி உள்ள ரகம். உடலில் பட்டு விரிவதால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேல் படும் வாய்ப்பு குறையும். உடல் தசைக்குப் பதிலாக ஜெல்லியில் சுட்டுப் பார்க்கும் எஃப்.பி.ஐ. சோதனையில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். நீங்கள் தேர்ந்த ரகத்தில் குறைந்தது நூறு தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். தினமும் வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றும் அதே தோட்டாவின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும், சுடும்போது அழுத்தம் கூடும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். குட்டையாகியிருந்தால் அதைச் சுட வேண்டாம், ரேஞ்சில் கழிவுத் தோட்டாவுக்கான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பொன்னி_நதி:
பெண்கள் கைப்பையில் வைப்பது பற்றி? அதற்கென்றே தனி அறை வைத்த பைகள் விற்கிறார்கள்.

குறி_தவறேல்:
சகோதரி, வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோவின் ஹேடனில், வால்மார்ட்டில் ஒரு தாயின் பை, இரண்டு வயது மகன் எட்டும் இடத்தில் தள்ளுவண்டியில் இருந்தது. துப்பாக்கிக்கென்றே செய்த பைதான். குழந்தை எடுத்து அழுத்தியது, தாய் இறந்துவிட்டார். பறிப்பவன் முதலில் பறிப்பதும் பையைத்தான். உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும்.

மருதம்:
கார் என்னாயிற்று? அலுவலகத்தில் அனுமதியில்லை என்றால் எல்லாரும் காரில்தான் விட்டுப் போகிறார்கள். 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல். டாஷ்போர்டு அறை பூட்டு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. துப்பாக்கி நிறுவனத்தின் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டுவது திருடனுக்கு முகவரி கொடுப்பது.

குறி_தவறேல்:
முழு உடன்பாடு. காருக்குள் சீட் சட்டத்தோடு எஃகுக் கேபிளால் கட்டிய சின்னப் பெட்டகம்தான் குறைந்தபட்சம். ராத்திரி காரில் விடவே கூடாது.

வழக்கறிவோன்:
எப்போது சுடலாம் என்பதில்தான் மிகப் பெரிய குழப்பம். டெக்சஸ் தண்டனைச் சட்டம் 9.32-ன்படி, எதிராளி சட்டவிரோதமாக உயிர்ப்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்துவதை அல்லது பயன்படுத்த முயல்வதைத் தடுக்க உடனடித் தேவை இருப்பதாக நீங்கள் நியாயமாக நம்ப வேண்டும். கொலை, கொள்ளை, கடத்தல், பாலியல் வன்கொடுமை நடக்கவிருப்பதைத் தடுப்பதும் அதில் அடங்கும். வெறும் வசைச்சொல் போதாது, 9.31 அதைத் தெளிவாகச் சொல்கிறது. சண்டையை நீங்களே தூண்டியிருந்தால் இந்த உரிமை பெரும்பாலும் போய்விடும்.

இரவில் திருடிக்கொண்டு ஓடுபவன்மேல் சுட 9.42 சில நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிபவர்கள் உண்டு. அதை நம்பிச் சுடாதீர்கள். பொருளை வேறு வழியில் மீட்க முடியாது என்று நீங்கள் நம்பியது நியாயமா என்று பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி தீர்மானிக்கும். அந்த ஜூரி முன் நிற்கப்போவது பழுப்புநிறக் கிரீன் கார்டுக்காரர். கல்லாப் பணம் போகட்டும்.

2018-ல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் பார்க்கிங் இடத்துக்காகத் தகராறு. மைக்கேல் ட்ரெஜ்காவை மார்க்கீஸ் மெக்லாக்டன் தள்ளிவிட்டார். விழுந்த ட்ரெஜ்கா துப்பாக்கியை எடுத்தார். மற்றவர் பின்வாங்குவது கேமராவில் தெரிகிறது. அப்போது சுட்டார். ஓட வேண்டிய கடமை இல்லை என்ற சட்டம் உள்ள மாநிலம்தான், ஆனாலும் 20 ஆண்டுச் சிறை. தள்ளியபோது இருந்த ஆபத்து, பின்வாங்கியபோது இல்லை.

பலகைகளையும் படிக்கப் பழகுங்கள். பலகையில் இருப்பது சட்டப் பிரிவின் எண். 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. 30.06 லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்துச்செல்வதற்கு, 30.07 வெளியே தெரிய எடுத்துச்செல்வதற்கு. சிவப்பு "51%" பலகை பார்களில் இருக்கும், அங்கே யாருக்கும் இல்லை. கோயில் நிர்வாகிகள் கவனிக்க: டெக்சஸில் வழிபாட்டுத் தலம் தானாகத் தடை செய்யப்பட்ட இடம் ஆகாது. வேண்டாம் என்றால் பலகை வைக்க வேண்டும். 30.06, 30.07 பலகைகளில் எழுத்து ஒரு அங்குல உயரம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பளிச்சென்று தெரியும் நிறத்தில். வாசலில் தமிழில் அழகாக எழுதி ஒட்டிய தாள் சட்டப்படி அறிவிப்பு ஆகாது.

தாமிரபரணி_என்ஜே:
டெக்சஸ் லைசென்ஸோடு இங்கே காரில் வந்துவிடாதீர்கள். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்து லைசென்ஸையும் ஏற்காது. 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் சாதாரண டிராஃபிக் நிறுத்தத்தில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அதிகாரியிடம் தானே சொன்னார். கைதானார். 2015-ல் ஆளுநரின் மன்னிப்பு வரும்வரை வழக்கு அவர் தலைமேல் தொங்கியது. இங்கே 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினே குற்றம், உங்கள் க்ளாக் 19-ன் சாதாரண மேகசின் உட்பட.

2022-ல் உச்ச நீதிமன்றம் ப்ரூயென் வழக்கில் 6-3 என்று தீர்ப்பளித்து, "தனிக் காரணம் காட்டு" என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய நிபந்தனையை நீக்கியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயமாக்கியது. டைம்ஸ் சதுக்கம், சப்வே எல்லாம் தடை இடங்கள்.

இப்படிப்பட்ட மாநிலம் வழியாகக் கடந்துபோவதாக இருந்தால்: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், டிக்கியில். தோட்டாவும் கை எட்டாத இடத்தில். வழியில் தங்காதீர்கள். விமான நிலையத்துக்குப் போகும் பையை முதல் நாளே கொட்டிப் பாருங்கள். 2023-ல் சோதனைச்சாவடிகளில் 6,737 துப்பாக்கி பிடித்தார்கள், நூற்றுக்குச் சுமார் 93 தோட்டா ஏற்றியவை.

பொன்னி_நதி:
அப்படியென்றால் விசாக்காரர்களுக்கு வழி?

குறி_தவறேல்:
பெப்பர் ஸ்ப்ரே. இதைத் துப்பாக்கிக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இடுப்பில் துப்பாக்கி மட்டும் இருப்பவருக்குக் கூச்சலுக்கும் கொலைக்கும் நடுவில் எதுவும் கையில் இருக்காது. தூவலாகப் பரவுவதைவிட ஜெல் அல்லது தாரையாகப் பாய்வது நல்லது, காற்று உங்கள் பக்கம் எளிதில் திருப்பாது. மூன்று, நான்கு மீட்டர் போகும். கண்ணை நோக்கி அடித்துவிட்டு உடனே பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. புட்டியில் காலாவதித் தேதி இருக்கும், அழுத்தம் குறைந்தால் பாதித் தூரத்தில் விழும். பயிற்சிக்கு வெறும் தண்ணீர் நிரப்பிய புட்டி கிடைக்கிறது, அதை வாங்கி இரண்டு தடவை அடித்துப் பாருங்கள்.

தூரத்தைப் பற்றியும் ஒன்று. 1983-ல் சால்ட் லேக் சிட்டி போலீஸ் சார்ஜென்ட் டெனிஸ் டுயெல்லர், 21 அடி தூரத்திலிருந்து கத்தியோடு ஓடிவருபவர் சுமார் ஒன்றரை விநாடியில் உங்களை எட்டிவிடுவார் என்று காட்டினார். சட்டைக்கு அடியிலிருந்து உருவி ஒரு குண்டு சுட, நன்றாகப் பழகியவருக்கே ஏறக்குறைய அதே நேரம் ஆகும். கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு ஃபோனைப் பார்த்து நடப்பவருக்கு இடுப்பில் எது இருந்தாலும் ஒன்றுதான்.

மருதம்:
போலீஸ்காரர்களே எப்படிச் சுடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் போலீஸ் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் குறிபட்டவை 18 சதவீதம். மற்ற குண்டுகளும் எங்கேயோ போய்ப் படும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே வையுங்கள். சில கடைகளும் ரேஞ்சுகளும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். முன்கூட்டியே எந்தக் கடை என்று கேட்டு வைத்திருங்கள், அந்த நாளில் தேட முடியாது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கொங்கு_டாலஸ்:
மருதம் மேடம் சொன்னதைக் கேட்டபின் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கடைக்காரர்களிடம் முதலில் பணத்தை இரவில் கையில் எடுத்துப் போவதை நிறுத்தச் சொல்லப்போகிறேன். குறித்த நேரம் வரை திறக்காத பெட்டகம், வாசல் விளக்கு, இரண்டு பேராகப் பூட்டுவது. அதற்குப் பிறகும் வேண்டும் என்பவர்கள் லைசென்ஸ் வகுப்புக்குப் போகட்டும்.

ஒரு சந்தேகம். கணவருக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-1பி. கணவர் வாங்கி வீட்டில் வைக்கலாமா?

வழக்கறிவோன்:
கணவர் வாங்கலாம். ஆனால் மனைவி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால், அவரும் "வைத்திருக்கிறார்" என்று அரசுத் தரப்பு வாதிட முடியும். சுவரோடு போல்ட் அடித்த பெட்டகம், எண் கணவருக்கு மட்டும் தெரிய வேண்டும், மாற்றுச் சாவி வீட்டில் இருக்கக் கூடாது. தோட்டாவும் அதற்குள்ளேதான், அலமாரியில் தனி டப்பாவில் வைத்தாலும் அதே சிக்கல். மனைவி ஓட்டும் காரில் ஒருபோதும் வேண்டாம். 17 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் டெக்சஸ் சட்டப்படியும் அவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பது உங்கள் பொறுப்பு. வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் குடிவரவு வக்கீலிடம் உட்காருங்கள், கடையில் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வராதீர்கள்.